மருமவனே, மொதல்ல மீட்டரப் பாரு

மருமவனே, உங்கம்மா போன் பண்ணி விசயத்தச் சொன்னா. சந்தோசம். கடலே இல்லாத மிசௌரி மாநிலத்துல உக்காந்துக்கிட்டு 28 அடி நீளத்துக்கு ஸ்பீடு போட்டு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கியாம். நம்ம குடும்பத்துல கடக்கரையில பொறந்தவன் பூரா கரண்டு ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் வேலைக்குப் போனான். கடல் இல்லாத ஊரா தேடிப் போய் போட்டு வாங்குனவன் நீ ஒருத்தந்தான். வம்சத்துக்கே பெருமை, போ.

கடல் இல்லன்னு சொன்னா ஒனக்குக் கோவம் வரும். ஓசேஜ் ஆத்துக்குக் குறுக்க பேக்னல் அணையக் கட்டி 1931ல உண்டாக்குன லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் இருக்கேன்னு சொல்லுவ. இருக்கு, நானும் படிச்சேன். கரை மட்டும் 1,100 மைலுக்கு மேல. அங்க 1988ல தொடங்குன ஷூட்அவுட்டுன்னு ஒரு வேகப்போட்டி நடக்கு. 2014ல அதுல ஸ்பிரிட் ஆஃப் கத்தாருன்னு ஒரு போட்டு மணிக்கு 244 மைல்ல போயிருக்கு. அது டர்பைன் வச்ச போட்டு, ஷேக்கு வீட்டுப் பணம். நீ அடக்கமான புள்ள. 244 எதுக்கு மாமா, 80 போதும்னுதான் கேட்டிருக்க.

அந்த 80க்கு எந்த டிரைவ் வாங்கலாம்னு ஆறு படம் வேற அனுப்பிருக்க. மாமா ஷார்ஜாவுல போட்டு ஒர்க்‌ஷாப்புல கிரீசுக்குள்ளயே கெடந்தவன், படத்தப் பாத்தே சொல்லிருவான்னு நெனப்பு. சொல்லுதேன். ஆறும் அழகா இருக்கு. கறுப்புப் பெயின்ட் அடிச்சது இன்னும் அழகு. ட்ரெய்லர்ல ஏத்தி வீட்டு வாசல்ல நிப்பாட்டுனா எதிர்வீட்டுக்காரன் ஒரு மாசம் சரியாத் தூங்க மாட்டான். அதுக்குத்தான்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கு. மாமாகிட்ட யோசனையே கேக்க வேண்டாம்.

வேகத்துக்குன்னா செத்த உக்காரு, பேசுவோம்.

ஒன் போட்டுல இப்ப இருக்கது மெர்குரூசர் 496 மேக் ஹெச்.ஓ. எஞ்சின். 8.1 லிட்டர், 425 குதிரை. அதுக்குப் பின்னால பிராவோ ஒன் டிரைவ், கியர் விகிதம் ஒண்ணரைக்கு ஒண்ணு. மாட்டியிருக்கது 26 பிட்ச் மூணு றெக்கை ஸ்டீல் புரொப்பல்லர். இதெல்லாம் நான் கேட்டுக் கேட்டு ஒன் வாயிலருந்து புடுங்குனது. நீயா அனுப்புனது படம் மட்டுந்தான். ஃபுல் த்ராட்டில்ல டாக்கோமீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு கேட்டா ஸ்பீடாமீட்டரப் படம் புடிச்சு அனுப்புத. அதுல முள்ளு 71ல நிக்கி. ஜி.பி.எஸ். எவ்வளவு சொல்லுதுன்னு கேட்டேன். செத்த நேரம் பேச்சுமூச்சே இல்ல. பெறவு மெதுவா, 62 மாமாங்க.

அந்த ஸ்பீடாமீட்டர் தண்ணி அழுத்தத்த அளந்து வேகம் சொல்லுத ஜாதி. ஒன்ன மாதிரி ஆளு மனசு நோவக் கூடாதுன்னே செஞ்சு வச்சிருக்கானுவ. அத கழட்டச் சொல்லல, விருந்தாளி வந்தாக் காட்டுறதுக்கு இருக்கட்டும். கணக்குக்கு ஜி.பி.எஸ்.

டாக்கோமீட்டர் என்ன சொல்லுதுன்னு தெரியாம டிரைவுக்கு முன்பணம் கட்டுனவன், பொண்ணப் பாக்காமலே கல்யாணப் பத்திரிகை அடிச்சு ஊருக்குக் குடுத்தவன்தான். பத்திரிகை நல்லாத்தான் இருக்கும். மேடையில யாரு வந்து உக்காருவான்னுதான் தெரியாது.

டிரைவ் கதைய ஒரு தடவ முழுசாக் கேட்டுக்கோ. எஞ்சின் போட்டுக்குள்ள, அமரத்துல உக்காந்திருக்கு. அமரம்னா பின்பக்கம், மறந்திருப்ப, அமெரிக்காவுல ஸ்டெர்னும்பான். அந்த அமரப் பலகையில ஓட்ட போட்டு, வெளிய ஒரு கால் தொங்குது. அதான் ஸ்டெர்ன்டிரைவ். மெர்க்குரி கம்பெனியில வேல பாத்து வெளிய வந்த ஜிம் வின்னும், ஸ்வீடன்காரன் வால்வோ பென்டாவுல இருந்த ஹரால்ட் விக்லண்டும் சேந்து 1959ல அக்வாமேட்டிக்குன்னு இத கடைக்குக் கொண்டாந்தானுவ. அடுத்த வருசமே மயாமியிலருந்து நசாவுக்கு நடந்த கடல் பந்தயத்துல வின் ரெண்டாவதா வந்துட்டான். மொதல்ல வந்தது டிக் பெர்ட்ராமோட மோப்பி. ஆழமான ‘வி’ அடி வச்ச அந்தப் போட்டுதான் ஒன் போட்டுக்கெல்லாம் பாட்டன். 1961ல மெர்க்குரியும் மெர்குரூசர்னு தன் டிரைவோட எறங்கிட்டுது. பழைய வேலக்காரன் செஞ்சத மொதலாளி பாத்துக் கத்துக்கிடுதது நம்ம ஊருல மட்டும்னு நெனச்சியாக்கும்.

அந்தக் காலுக்குள்ள என்ன நடக்குன்னு தெரிஞ்சாத்தான் எதுக்குக் காசு குடுக்கோம்னு புரியும். எஞ்சின் சுத்து படுக்கையில வருது. மேல ஒரு கியர் அத 90 டிகிரி கீழ திருப்புது. கீழ இன்னொரு கியர் திரும்பவும் 90 டிகிரி திருப்பி புரொப்பல்லருக்குக் குடுக்குது. 425 குதிரையும் ரெண்டு மொடக்குல திரும்பித்தான் தண்ணிக்குப் போகணும். ஒடையுததெல்லாம் அந்த மொடக்குலதான். டிரைவுல ஒண்ணுக்கு மேல ஒண்ணு வெல ஏறிப் போகுதுல்லா, அந்த மொடக்கு எவ்வளவு அடி தாங்கும்ங்கதுக்குத்தான் அதுல பெரும்பங்கு. வேகத்துக்குன்னு நெனச்சுக் குடுக்குதவன் நீ.

ஆல்ஃபா ஒன் எளிய மனுசன். 300 குதிரை வரைக்கும் சொமப்பான். கியர் மாத்தும்போது எஞ்சின் இக்னிஷன ஒரு நொடி வெட்டித்தான் மாத்துவான், தண்ணி பம்பு அவன் வயித்துக்குள்ளயே இருக்கும். ஒனக்கு ஆகாது. பிராவோ ஒன்ல கியர் மாத்த கோன் கிளட்ச்சு, தண்ணி பம்பு எஞ்சின் முன்னால பெல்ட்டுல ஓடும். ஒன் 425க்கு அது போதும்னுதான் கம்பெனிக்காரனே அத மாட்டி அனுப்பியிருக்கான். அதே ஒடம்புல கியரையும் தண்டையும் கெட்டியாக்குனா எக்ஸ், எக்ஸ்.ஆர்.னு பேரு நீளும், பில்லும் நீளும். கீழ்ப்பாகத்தத் தண்ணிய வெட்டிப் போற வடிவத்துல மாத்துனா ஸ்போர்ட் மாஸ்டர். அதுக்கும் மேல நம்பர் சிக்ஸ். நீ அனுப்புனதுல மூணாவது படம், கீழ ரெண்டு மொற கோடு போட்டிருந்தியே, அதான்.

நம்பர் சிக்ஸ் வேணும்னா வாங்கிருவோம் மருமவனே, மாமா குறுக்க நிக்க மாட்டேன். சின்னச் சின்ன சோலிதான் இருக்கு. அதுக்குள்ள முன்னால பின்னால போற கியரு கெடையாது, அதனால தனியா ஒரு டிரான்ஸ்மிஷன் வாங்கணும். டிரான்ஸ்மிஷன் வைக்க எடம் வேணும், எஞ்சின முன்னால தள்ளணும். பழைய ஓட்டைக்கு அது பொருந்தாது, அமரப் பலகைய வெட்டி மறுபடி கட்டணும். இவ்வளவும் செஞ்சு முடிச்சா தண்ணிக்குள்ள முன்னவிடப் பெரிய இரும்பு நிக்கும், கனமும் கூடும். ஆயிரம் குதிரைக்குச் செஞ்ச கால 425 குதிரை இழுக்கும்போது, இப்ப ஓடுத 62ம் 60 ஆயிரும். ஆனா ஒடையாது. ஒன் பேரன் காலத்துக்கும் ஒடையாது. மெதுவாப் போறதுக்கு இதவிட உறுதியான வழி எனக்குத் தெரியல.

இப்ப கணக்குக்கு வா. போன மாசம் நீயே ஒரு கணக்குப் போட்டு அனுப்புன. எஞ்சின் சுத்த பிட்ச்சால பெருக்கி, கியர் விகிதத்தாலயும் 1056ஆலயும் வகுத்தா மணிக்கு எத்தன மைலுன்னு வரும். 5000த்த 26ஆல பெருக்கி, 1.5ஆலயும் 1056ஆலயும் வகுத்தா 82. சரிதான், பத்தாங்கிளாஸ்ல கணக்குல தொண்ணூறு வாங்குனவனாச்சே. 82 வருது மாமா, எங்கயோ ரெண்டு மைலு கூடுதலாவே வருதுன்னு சந்தோசப்பட்ட. ரெண்டு சங்கதிய மட்டும் விட்டுட்ட. தண்ணி மரக்கட்ட இல்ல, திருகாணி கணக்கா புரொப்பல்லர் அதுக்குள்ள முழுசா ஏறாது. ஒரு சுத்துக்கு 26 அங்குலம் முன்னேறணும்னு பேரு. ஓடுறது அதுல பத்துலருந்து பதினஞ்சு சதவீதம் கம்மி. அதுக்குப் பேரு ஸ்லிப். 12 சதவீதம் வச்சாலே ஒன் 82, 72 ஆயிரும். இன்னொண்ணு, 5000 சுத்து யாரு ஒனக்குக் குடுத்தா?

கடைசியா நீ டாக்கோமீட்டரப் பாத்துச் சொன்னது 4400. கம்பெனிக்காரன் இந்த எஞ்சினுக்கு ஃபுல் த்ராட்டில்ல 4600லருந்து 5000 வரைக்கும் ஓடணும்னு எழுதி வச்சிருக்கான். கீழ்வரம்பையே ஒன் எஞ்சின் தொடல. 4400த்த 26ஆல பெருக்கி அதே கணக்குப் போட்டா 72. ஓடுறது 62. ஸ்லிப் 14 சதவீதம். இது டிரைவோட நோவு இல்ல மருமவனே. எஞ்சினால இழுக்க முடியாத பிட்ச்ச மாட்டி வச்சிருக்க. இழுக்க முடியாத எஞ்சினுக்கு 425 குதிரையும் வெளிய வராது, சூடு வரும், வால்வும் பிஸ்டனும் அடி வாங்கும். பெட்ரோலும் குடிக்கும், அத நீ கவனிக்க மாட்ட, கிரெடிட் கார்டு பாத்துக்கிடும்.

அந்த 26 எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். போட்ட ஒனக்கு வித்தவன் தனியாள். அரை டேங்க் பெட்ரோல ஊத்தி, ஒத்தையா, குளிர்ந்த காலையில ஓட்டி, 4800 வந்துச்சுன்னு இந்தப் புரொப்பல்லர மாட்டியிருப்பான். நீ ஓட்டுறது எப்படி? சனிக்கெழம மத்தியானம், ஜூலை வெயில்ல. ஒன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, ஒன் சகலை குடும்பம், பிரியாணிச் சட்டி, ரெண்டு ஐஸ் பெட்டி, இத்தனையும் ஏத்திக்கிட்டு. பெட்ரோல் ஒரு கேலன் ஆறு பவுண்டு. டேங்க் நெறய 100 கேலன் ஊத்துனா 600 பவுண்டு. வெயில் காத்துல எஞ்சினுக்கு தெம்பும் கொஞ்சம் கொறையும். சகலைய கரையில எறக்கி விட்டுட்டு ஓட்டிப் பாரு, காசு செலவில்லாம சுத்து கூடும். அத அவருகிட்ட மாமா சொன்னேன்னு சொல்லிராத.

அப்ப என்ன செய்யணும்? பிட்ச்சக் கொறைக்கணும். ஒரு அங்குலம் கொறைச்சா 150லருந்து 200 சுத்து வரைக்கும் ஏறும். 24க்கு வந்தா 4700க்குப் பக்கத்துல நிக்கும். 4700த்த 24ஆல பெருக்கி வகுத்தா 71. ஸ்லிப் 11 சதவீதத்துக்கு எறங்குச்சுன்னா ஓடுறது 63க்கு மேல. பிட்ச்சக் கொறச்சா வேகம் எப்படி மாமா கூடும்னு நீ கேப்ப. கூடும். எஞ்சின் தன் குதிரையெல்லாம் வெளிய விடுத எடத்துக்கு வந்திருச்சுல்லா. பெருசு வாங்குனா பெருசாப் போகும்னு நெனக்குத புத்தி டிவி வாங்கத்தான் சரி.

மாறா, பிட்ச்ச ரொம்பக் கொறச்சு எஞ்சின் 5000த்தத் தாண்டி ரெவ் லிமிட்டர்ல முட்டுச்சுன்னா அதுவும் தப்பு. நீ சொமக்கிற பாரத்தோட, நீ ஓட்டுற வெயில்ல, 4800 பக்கத்துல நிக்கிறதுதான் ஒனக்குப் பொருத்தம். தனியா ஓட்டும்போது 4950 காட்டுனாலும் போகட்டும்.

ஸ்லிப் எப்படிக் கொறையும்னா, அங்கதான் றெக்கை கணக்கு வருது. இதுலதான் நீ உண்மையில நேரம் செலவழிக்கணும், படம் பாக்குததுல இல்ல. மூணு றெக்கை புரொப்பல்லர், மெர்க்குரியோட மிராஜ் பிளஸ் மாதிரி, அணியத்தத் தூக்கும். அணியம்னா முன்மூக்கு. தனியா ஓட்டுத லேசான போட்டுக்கு அது நல்லது, தண்ணியில ஒட்டுத அடிப்பாகம் கொறையும். நாலு றெக்கை பொதுவா அமரத்தத் தூக்கும், தண்ணியக் கெட்டியாப் புடிக்கும், போட்டு சீக்கிரம் எந்திரிச்சு ஓடும், வளைவுல விடாது. நாலு றெக்கையில மெர்க்குரியோடது பிராவோ ஒன்னுங்கற புரொப்பல்லர். டிரைவுக்கும் அதே பேரு, புரொப்பல்லருக்கும் அதே பேரு. கடைக்காரன்கிட்ட எது வேணும்னு தெளிவாக் கேளு, இல்லன்னா நீ 24 பிட்ச்சுக்குப் போயி டிரைவோட வருவ. அஞ்சு றெக்கையும் இருக்கு, மேக்சிமஸ்னு. அலை கெடந்த தண்ணியிலயும் உதறல் கொறஞ்சு, நடு வேகத்துல நல்லாப் புடிக்கும். ஒன் குதிரைக்கு றெக்கை கூடக் கூட இழுவையும் கூடும், வெலையும் கூடும். எதிர்வீட்டுக்காரன் தூங்காம இருக்கணும்னா மட்டும் வாங்கு. ஒன் போட்டுக்கு, ஒன் பிரியாணிச் சட்டிக்கு, நாலுதான்.

அலுமினியம் பத்திப் பேசாத. இந்தக் குதிரையில அது வளையும். வளைஞ்சா பிட்ச்சு மாறும். இருக்கது ஸ்டீல், அதுல ஒட்டிக்கிட்டு இரு. றெக்கை பின் ஓரத்துல உள்பக்கமா ஒரு சின்ன மடிப்பு இருக்கும், கப்புன்னு சொல்லுவான். அத ஏத்தினா பிட்ச்சு ஏத்துன மாதிரி சுத்து எறங்கும், தண்ணிப் புடி கூடும். சிலபேரு புரொப்பல்லரக் கடைக்குக் கொண்டு போய் ஓரத்த மெலிசாத் தேச்சு, றெக்கை நாலும் ஒரே அளவு பண்ணிக் கொண்டாருவான். நல்ல கைவேலைக்காரன் கையில குடுத்தா ரெண்டு மைல் கெடைக்கும். ஆனா ஒன் அக்கம் பக்கத்து லேக்குல பாறைக்கும் மெதக்கிற கட்டைக்கும் கொறைவில்லன்னு நீயே சொல்லியிருக்க. தேச்ச றெக்கை கட்டையில முட்டுனா மொதல்ல போறது அந்த ரெண்டு மைல்தான்.

வாங்குறதுக்கு முன்னால இரவல் வாங்கி ஓட்டிப் பாரு. அமெரிக்காவுல பல புரொப்பல்லர் கடைக்காரன் ஒண்ண குடுத்து, ஓட்டிப் பாத்துட்டு அடிபடாம கொண்டா, சரியில்லன்னா மாத்தித் தாரேம்பான். இப்படி ஒரு ஊர விட்டுட்டு, கம்ப்யூட்டர்ல வண்ணம் பாத்து வாங்குதவன நான் என்ன சொல்லட்டும்?

டிரிம் பொத்தான் இருக்குல்லா, த்ராட்டில் கைப்பிடியில? அதத் தொட்டிருக்கியா? கேட்டா கோவிக்கக் கூடாது. நான் பாத்த பாதிப் பேரு அத கீழயே வச்சு, அணியம் தண்ணிய உழ, எஞ்சின் முனக, டிரைவ் சரியில்லன்னு ஒர்க்‌ஷாப்புக்கு வருவான். போட்டு எழும்பி ஓடத் தொடங்குனதும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தூக்கு. மூக்கு லேசாவும். ஒரு கட்டத்துல போட்டு குதிரை கணக்கா எழும்பி எழும்பி விழும். அதுக்கு ஒரு அடி முன்னால நிப்பாட்டு. காசில்லாம கெடைக்குத வேகம் அதுலதான் இருக்கு.

அடுத்து ஒசரம். இது ரசிச்சுப் பேச வேண்டிய விசயம். புரொப்பல்லர் தண்டோட நடு மையம் போட்டு அடிக்கு எவ்வளவு கீழ இருக்குன்னு ஒரு அளவு உண்டு. டிரைவ மேல ஏத்த ஏத்த, தண்ணிக்குள்ள தொங்குத இரும்பு கொறையும், இழுவை கொறையும், வேகம் கூடும். ஏத்துறதுக்குக் கட்டை கால் உண்டு, அமரத்துக்குப் பின்னால பெட்டி வச்சு டிரைவப் பின்னால தள்ளி ஏத்துறதும் உண்டு. ரொம்ப ஏத்துனா புரொப்பல்லர் காத்தக் குடிக்கும், ஸ்லிப் ஏறும். பக்கவாட்டுல தண்ணி உறிஞ்சுத துவாரம் வெளிய வந்துரும், எஞ்சின் கொதிக்கும். தண்ணி அழுத்தம் காட்டுத முள்ளு ஒண்ணு இருக்கும். ஏத்துனவன் அத ஒரு கண்ணுல பாத்துக்கிட்டேதான் ஓட்டணும். நீ ரெண்டு கண்ணாலயும் எதிர்வீட்டுக்காரனப் பாக்குதவன், ஒனக்கு வேண்டாம்.

சாதா பிராவோ கீழ்ப்பாகம் 70ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். 80 பக்கம் போகும்போது அதோட மூக்கு பக்கத்துல அழுத்தம் கொறஞ்சு, காத்தும் ஆவியும் புரொப்பல்லர் வரைக்கும் புகுந்து, புடி ஒரே நொடியில போயிரும். ப்ளோஅவுட்டுன்னு பேரு. சுத்து சட்டுனு ஏறும், போட்டு ஒரு பக்கமா இழுக்கும். அதுக்குத்தான் ஸ்போர்ட் மாஸ்டர். கூர் மூக்கு, தண்ணி துவாரம் கீழ நுனியில. அது 80 ஓடுறவனுக்கு. 63 ஓடுறவனுக்கு அது அலங்காரம்.

80க்கு நீ போக என்ன வேணும்னு கேக்கியா? அதயும் கணக்குப் போட்டுத் தாரேன். வேகம் குதிரையோட வர்க்கமூலத்துலதான் கூடும். ஒன் 63க்கு மேலங்கதத் தாராளமா 64னே வச்சுக்கோ. 80ஐ 64ஆல வகுத்தா 1.25. அத அதாலயே பெருக்கினா 1.56. ஒன் 425ஐ அதால பெருக்கு: 664 குதிரை. இன்னும் 239 குதிரை எங்கருந்தோ கொண்டாரணும். சூப்பர்சார்ஜர் வச்ச எஞ்சின் வாங்கணும். அத ஒன் இப்பத்த பிராவோ தாங்காது, எக்ஸ்.ஆர். போட்டாலும் அதுக்கும் மூச்சு வாங்கும். பெறவு ஸ்போர்ட் மாஸ்டர். பெறவு இப்பத்த ஸ்டீயரிங் பத்தாது, வெளிய ரெண்டு பக்கமும் சிலிண்டர் வச்ச முழு ஹைட்ராலிக் வேணும், இல்லன்னா புரொப்பல்லர் சுத்து ஒன் கையத் திருகும். பெறவு பெரிய பிட்ச்சுல புதுப் புரொப்பல்லர். பெறவு ஒன் பொண்டாட்டிகிட்ட இதச் சொல்லணும். அதுக்கு ஏத்த டிரைவ் எந்த கம்பெனியும் இன்னும் செய்யல.

டிரைவ் ஒடையுததப் பத்தி ஒரு சொல். ஓசார்க்ஸ்ல சனிக்கெழம பெரிய கேபின் போட்டுவ கெளப்புத அலை, நம்ம கச்சான் காத்துக் கடலுக்குக் கொறைஞ்சதில்லன்னு நீயே சொன்ன. அலை மேல ஏறிப் போட்டு எழும்பும்போது புரொப்பல்லர் தண்ணிக்கு வெளிய வரும், பாரம் இல்லாம எஞ்சின் பறக்கும். திரும்ப விழும்போது நீ த்ராட்டில விடலன்னா, பறந்துக்கிட்டிருக்க புரொப்பல்லர் தண்ணியில அப்படியே கடிக்கும். அந்த அடி போயி நிக்கிறது மேல இருக்க மொடக்குலதான். பந்தயப் போட்டுல த்ராட்டிலுக்குன்னே தனியா ஒரு ஆளு உக்காந்திருக்கது எதுக்குன்னு நெனக்க? போட்டு காத்துல இருக்கும்போது கையப் பின்னுக்கு எடு. இந்த ஒரு பழக்கம் இருந்தா சாதா பிராவோ ஒனக்கு ரொம்ப நாள் ஒழைக்கும். இல்லாதவன் எக்ஸ்.ஆர். மாட்டுனா அதயும் ஒடப்பான், கூடுதல் வெலைக்கு.

மேலுடம்பு மேல தண்ணி தெளிக்கிற ஷவர் ஒண்ணு விக்கான், வெல கம்மி, வாங்கி மாட்டு. மேல் கியர் சூடு எறங்கும். கியர் ஆயிலு பருவத்துக்கு ஒரு தடவ மாத்து, பால் நெறமா வந்தா உள்ள தண்ணி புகுந்திருக்குன்னு அர்த்தம். அமரத்துல எஞ்சினையும் டிரைவையும் சேக்குத எடத்துல ரப்பர் பெல்லோஸ் இருக்கு. அது கிழிஞ்சா போட்டு நின்ன எடத்துல முங்கும். படம் அனுப்புறதா இருந்தா அதப் படம் புடிச்சு அனுப்பு.

சகலை போட்டப் பத்தியும் கேட்டிருந்த. அவரு வச்சிருக்கது பிராவோ த்ரீ, எதிரெதிரா சுத்துத ரெண்டு புரொப்பல்லர். வால்வோக்காரன் 1982ல டியோபுரொப்னு கொண்டாந்த யோசனையோட சொந்தக்காரந்தான் அதுவும். பாரப் போட்டு சட்டுன்னு எந்திரிக்கும், நேராப் போவும், கரையில ஒட்டும்போது பேச்சுக் கேக்கும். உச்ச வேகத்துல ஒன்கிட்ட தோப்பாரு. ஆனா அவரு கரைக்கு வந்து ஒட்டி, குடும்பத்த எறக்கி, டீயும் குடிச்சு முடிச்சிருப்பாரு, நீ இன்னும் தூண இடிச்சுக்கிட்டு நிப்ப. அவர நக்கல் பண்ணாத.

அடுத்த தீவாளிக்கு நீ இன்னொண்ணு கேப்ப, அதுக்கும் இப்பவே சொல்லிருதேன். மெர்க்குரி ரேசிங் 500 குதிரை அவுட்போர்டே செஞ்சுட்டான். வேகப் போட்டுக்காரன் நெறயப் பேரு ஸ்டெர்ன்டிரைவ விட்டுட்டு அங்க போயிட்டான். பெல்லோஸும் இல்ல, அமரத்துல ஓட்டையும் இல்ல, கரையில ஏறுனா முழுசாத் தூக்கி வச்சிரலாம். புதுசா போட்டு வாங்குதவனுக்கு அது நல்ல யோசனைதான். ஒனக்கு இல்ல. போட்டு வாங்கி ஒரு வருசம்கூட ஆகல, அதுக்குள்ள அமரத்தையே வெட்டப் போறேன்னு நிக்காத.

கில் சுவிட்ச் கயிறு ஒண்ணு இருக்கும், கையிலயோ இடுப்புலயோ மாட்டுதது. நீ தண்ணியில விழுந்தா எஞ்சின் நிக்கும். 2021 ஏப்ரல் 1லருந்து 26 அடிக்குக் கீழ உள்ள போட்டுல மாட்டியே ஆகணும்னு அமெரிக்காக்காரன் சட்டம் போட்டிருக்கான். ஒன்னது 28 அடி, சட்டம் ஒன்ன கேக்காது. சகலை கேப்பாரு, ஒன் புள்ளைங்க பாக்கும். மாட்டு. இதுல மாமா நக்கல் பண்ணல.

இப்ப வேலையச் சொல்லுதேன், கேட்டுக்கோ. வர்ற சனிக்கெழம டேங்க் நெறயப் போடு, சகலை குடும்பம், பிரியாணி எல்லாம் ஏத்து. ஏரி தட்டையா இருக்கும்போது ரெண்டு தெசையிலயும் ஃபுல் த்ராட்டில் ஓட்டு. டாக்கோமீட்டர், ஜி.பி.எஸ்., தண்ணி அழுத்தம், டிரிம் முள்ளு எங்க நின்னுச்சு, இந்த நாலையும் தாள்ல எழுதி அனுப்பு. டாக்கோமீட்டர் 4600க்குக் கீழ இருந்தா, 24 பிட்ச் நாலு றெக்கை ஒண்ணு இரவல் வாங்கி, அதே ஆளுவளோட அதே எடத்துல ஓட்டி, அதே நாலையும் எழுதி அனுப்பு. பிராவோ ஒன் டிரைவ கழட்ட வேண்டாம். கடைக்காரன் முன்பணத்தத் திருப்பித் தருவானான்னு இன்னைக்கே போய்க் கேளு.